முந்நூற்றிருபது

கிண்ணியா
02.03.2024

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கப்பல் கொழும்பை விட்டு வெளியேறிவிட்டதாக அறிந்தோம். கடலும் காற்றும் உங்களுக்கு இலேசாக இருக்க துஆச் செய்கிறோம். நானும் ரிப்காவும் உம்மாவும் நல்ல சுகம். ரிப்காவுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. அதை நாள் முழுக்க நாக்கால் தள்ளிக்கொண்டு திரிகிறாள். அதைவிட வீட்டில் வேறு பிரச்சினை இல்லை.

இந்தக் கப்பலின் மின்னஞ்சலில் படமும் போகாது, குரலும் போகாது, எழுத்து மட்டும்தான் என்று சொன்னீர்கள். ஒப்பந்தம் முடியும் நவம்பர் வரைக்கும் எழுத்திலேதான் குடும்பம் நடத்த வேண்டும் போலிருக்கிறது. எனக்கு எழுத அலுப்பில்லை. உங்களைப் பற்றித்தான் பயம்.

இப்போது செய்தி. சிங்கப்பூர்ப் பேராசிரியை பதில் போட்டிருக்கிறார். கரை மணல் இடம்பெயர்வதைப் பற்றி நான் எழுதி அனுப்பியது அவருக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த வருடம் ஓகஸ்டில் தொடங்கும் ஆய்வுப் படிப்புக்கு உதவித்தொகையோடு ஓர் இடம் இருக்கிறதாம். ஆனால் பல்கலைக்கழகம் ஜீ.ஆர்.ஈ. பரீட்சையில் 320 புள்ளி கேட்கிறது, அதில் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்கிறார். நவம்பர் முடிவதற்குள் புள்ளியோடு விண்ணப்பிக்க வேண்டும்.

நேற்று வீட்டிலிருந்து ஒரு மாதிரித் தாள் செய்து பார்த்தேன். 297. பெரிய தொகை என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கணிதத்துக்கு 170, ஆங்கிலத்துக்கு 170, மொத்தம் 340. ஒரு விடையும் சரிவராதவருக்கே 260 கொடுத்துவிடுவார்கள்.

எதற்கு இந்தப் பாடு என்று உம்மா கேட்கிறா. "ரெண்டு வருசம் போனா வயசு முப்பத்திரெண்டு. இதுக்குப் பொறகு என்ன புள்ள பரீச்ச?" என்கிறா. எனக்கு உம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். போன கிழமை அலுவலகத்தின் கரைப் பாதுகாப்பு வேலையாக இலங்கைத்துறைக்குப் போனேன். இராசதுரை என்றொரு மீன்பிடிகாரர் என்னைக் கரையோரமாக நடத்திக்கொண்டு போய்க் காட்டினார். "அலைக்குக் கல்லுப் போட்ட பக்கம் சரி மிஸ். எங்கட பக்கம் மீன்வாடி போட நிலமில்ல. மண் எங்க போகுது எண்டு சொல்லுங்கோ, நாங்கள் அங்க போய்ப் போடுறம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு விடை தெரியவில்லை. ஆறு வருடமாகப் பொறியியலாளர் என்று பதவியில் இருக்கிறேன்.

நோன்பு வருகிறது. ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு படிக்கலாம். மே மாதக் கடைசியில் கொழும்பில் எழுதப் போகிறேன்.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள்
ஷிஃபானா

●

அரபிக் கடல்
19.03.2024

அன்பு ஷிபா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். நோன்பு பிடிக்கிறேன். இயந்திர அறையின் வெக்கையில் தண்ணீர்த் தாகம்தான் கஷ்டம். பல் விழுந்தவுடன் எனக்குச் சொல்லச் சொல்லு ரிப்காவிடம்.

நீ எழுது. எழுதத்தான் வேண்டும். 297க்கும் 320க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எனக்கு விளங்காது, ஆனால் கோளாறு பார்க்கும் விதம் தெரியும். நேற்று ஒரு ஜெனரேட்டர் நின்றது. சும்மா ஓடவிட்டால் ஒரு குறையும் இல்லை, சுமை ஏற்றினால் மூச்சு வாங்கி நிற்கிறது. புதிதாக வந்த பையன் எல்லாவற்றையும் கழற்றப் பார்த்தான். நான் விடவில்லை. சுமை ஏறும்போது மட்டும் நிற்கிறதென்றால் பழுது எந்தப் பக்கம் என்பது பாதி தெரிந்த மாதிரி.

நீயும் அப்படிச் செய். ஒரு தாளை நேரம் பார்க்காமல் செய். இன்னொன்றை நேரம் வைத்துச் செய். இரண்டிலும் எங்கே பிழைக்கிறது என்று எனக்கு எழுது. புதிது புதிதாகத் தாள் செய்துகொண்டே போவதால் மட்டும் புள்ளி ஏறாது என்று நினைக்கிறேன்.

மாமிக்கு என் ஸலாம். அவவோடு வாதாடாதே. நீ படிக்க உட்கார்ந்தால் ரிப்காவைத் தூக்கிக்கொண்டு போகிறவ அவதான்.

பாஹிம்

●

கிண்ணியா
20.04.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போனது. உங்கள் உம்மா வீட்டுக்கும் போய்வந்தோம். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பல் விழுந்துவிட்டது. உங்களிடம் சொல்லச் சொல்லி மூன்று தரம் ஞாபகப்படுத்திவிட்டாள்.

நீங்கள் சொன்ன மாதிரிச் செய்தேன். நேரம் பார்க்காவிட்டால் கணிதத்தில் ஒன்றிரண்டுதான் பிழை. நேரம் வைத்தால் கடைசிக் கேள்விகளிடம் போய்ச் சேரவே மாட்டேன். ஏன் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு கேள்வி பிடிபடவில்லை என்றால் எனக்கு ரோஷம் வருகிறது. இது எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று அதோடு மல்லுக்கு நிற்கிறேன். அந்த நேரத்துக்குள் பின்னால் இருக்கும் மூன்று சுகமான கேள்விகள் போய்விடுகின்றன.

இன்னொன்று, x என்று போட்டிருந்தால் அதை ஒரு நல்ல முழு எண் என்றே நினைத்துக்கொள்கிறேன். பூச்சியமாக இருக்கலாம், பின்னமாக இருக்கலாம், மறை எண்ணாக இருக்கலாம் என்பது விடையைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

ஆங்கிலத்துக்குச் சிவாஜினியைப் பிடித்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருக்கிறாள், உங்களுக்கு ஒருமுறை அறிமுகப்படுத்தினேன். ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் பேனையால் நிரப்புகிற ஆள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி உட்கார ஒரு வாங்கு இருக்கிறதே, அதில் இருந்து படிக்கிறோம். இடைவெளி நிரப்பும் கேள்வியில் நான் விடைகளைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் கையால் மறைத்துவிடுகிறாள்.

"முதல்ல நீங்களா ஒரு சொல்லு வையுங்கோ. இங்கிலீஸ் வராட்டித் தமிழில வையுங்கோ. பிறகு விடையைப் பார்ப்பம்."

"தமிழ்ல வச்சா எப்படி?"

"இடத்துக்கு என்ன பொருள் வேணும் எண்டு தெரிஞ்சாப் போதும். சொல்லு எந்தப் பாஷையா இருந்தா என்ன?"

ஓம், வேலை செய்கிறது. 'பிடிவாதம்' என்று வைத்தேன், கீழே அதற்குரிய சொல் இருந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்கும்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நேற்றைய மாதிரித் தாளில் 316. கொழும்பில் மே 28 பதிந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷிஃபானா

●

ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு வெளியே, நங்கூரத்தில்
08.05.2024

அன்பு ஷிபா,

ஸலாம். சுகம், குளிர் மட்டும் கொஞ்சம். பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லு, நான் பார்க்க வேண்டும்.

316 என்றதும் சீஃப் எஞ்சினியருக்கும் சொல்லிவிட்டேன். பிறகு ஓர் எண்ணம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. அது நீ புதிதாகச் செய்த தாளா, முன்பு பார்த்த தாளா?

சிவாஜினிக்கு என் நன்றியைச் சொல்லு.

பாஹிம்

●

கிண்ணியா
02.06.2024

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே வெயில் காய்ச்சுகிறது, மற்றும்படி சுகம்.

303.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் போடவில்லை. அது நோன்புக்கு முன்னரே ஒருமுறை செய்த தாள். கேள்விகள் முகம் தெரிந்தவையாக இருந்தன. விடை நினைவில் வந்ததா, கணக்குப் போட்டு வந்ததா என்று அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. பார்க்க விரும்பவில்லை. 316 என்ற எண்ணை ஐந்து கிழமை சுமந்துகொண்டு திரிந்தது நன்றாகத்தான் இருந்தது.

பரீட்சை நடந்த விதத்தைச் சொல்கிறேன். கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். கைப்பையைப் பெட்டகத்தில் பூட்டச் சொன்னார்கள். ஒரு பெண் அதிகாரி பர்தாவின் ஓரத்தை விலக்கிக் காது பார்த்தா, மரியாதையாகத்தான். உள்ளே தடுப்புப் போட்ட மேசை, கணினி, ஏஸி. கணிதத்தில் ஐந்தாவது கேள்வி ஒரு வட்டமும் அதற்குள் ஒரு முக்கோணமும். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது மாதிரி இருந்தது. தெரியவில்லை. மூன்று மாதமாக எனக்கு நானே சொன்னதெல்லாம் எங்கே போனதோ, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் நேரம் கரைந்துவிட்டது. முதல் பகுதி சறுக்கினால் இரண்டாம் பகுதியில் இலகுவான கேள்விகளாகத் தருவார்கள், அவற்றுக்குப் பெரிய புள்ளியும் இல்லை. இரண்டாம் பகுதியின் முதல் கேள்வியைப் பார்த்தவுடனேயே சறுக்கிவிட்டேன் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவு இலகு. கணிதம் 158, ஆங்கிலம் 145.

திரும்பி வரும்போது தம்பலகாமம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. வீதியில் யானை. எல்லோரும் ஜன்னலால் படம் எடுத்தார்கள். எனக்கு அழ ஓர் இடம் கிடைத்தது, ஒருவரும் பார்க்கவில்லை. யானை போன பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி காய்ச்சித் தந்தா.

ஓகஸ்டில் திரும்ப எழுதுகிறேன். இனிமேல் பார்த்த தாளைத் தொடமாட்டேன். சிவாஜினியிடம் புதிய தாள்களைக் கொடுத்துவிட்டேன், அவள் சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகத் தருவாள். நேரம் பார்க்கிறவளும் அவள்தான். ஒரு கேள்வியில் நான் அதிகநேரம் நின்றால் மேசையைத் தட்டுவாள்.

நவம்பரில் நீங்கள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஷிஃபானா

●

இந்து சமுத்திரம்
15.07.2024

அன்பு ஷிபா,

ஸலாம். நீண்ட நாள் எழுதவில்லை, மன்னித்துக்கொள். நான் சுகம். மழைக்கால அலையில் கப்பல் நன்றாக ஆடுகிறது. இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

303ஐப் பற்றி யோசிக்காதே. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது, அது பெரிய விஷயம்.

இங்கே மேல்தளத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மணம் கீழ்வரைக்கும் வருகிறது. சமையல்காரர் மாறிவிட்டார். புதியவர் கோவாக்காரர், மீன் நன்றாகச் சமைக்கிறார். போன கிழமை ஒரு திமிங்கிலம் கப்பலோடு கொஞ்சத் தூரம் வந்தது. ரிப்காவுக்குச் சொல்லு.

ஒரு விஷயம். ஒப்பந்தத்தை மார்ச் வரைக்கும் நீட்டலாமென்று இருக்கிறேன். கப்பலுக்கு ஆள் தேவைப்படுகிறது. உனக்கும் படிக்க அமைதியாக இருக்கும். வேறொரு காரணமும் இல்லை.

உன் பரீட்சையில் மட்டும் கவனம் வை.

பாஹிம்

●

கிண்ணியா
25.08.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. பெயின்டையும் திமிங்கிலத்தையும் பற்றி இவ்வளவு எழுதியது உங்கள் கையா என்று பார்த்தேன். சுகம்தானே?

மார்ச் என்று ரிப்காவிடம் சொல்லவில்லை. நவம்பர் என்று நாட்காட்டியில் அவளே ஒரு கப்பல் கீறி வைத்திருக்கிறாள். நீங்கள் துறைமுகத்திலிருந்து பேசும்போது நீங்களே சொல்லுங்கள். போன மாதம் பேசியபோது அவளோடு மட்டும் கதைத்துவிட்டு வைத்துவிட்டீர்கள்.

311. கணிதம் 163, ஆங்கிலம் 148. இந்தமுறை கணிதத்தில் எல்லாக் கேள்விகளையும் பார்த்தேன், வட்டங்களை விட்டுவிட்டு ஓடினேன். ஆங்கிலத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வாசிப்புப் பந்திகளில் எழுதியவர் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு போய், நடுவில் 'ஆனாலும்' என்று திரும்புவார். நான் திரும்பாமல் நேரே போய்விடுகிறேன். சிவாஜினி கண்டுபிடித்தாள். இப்போது பத்திரிகைத் தலையங்கங்களில் 'ஆனாலும்', 'இருந்தபோதும்', 'அப்படியிருக்க' எல்லாவற்றையும் வட்டமிட்டு வாசிக்கிறேன். ஒரு கட்டுரையில் ஏழு இடத்தில் திரும்புகிறார்கள். நேராகக் கதைக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் பத்திரிகையில் எழுதுவதில்லை போல.

ஒன்பது புள்ளி வேண்டும். ஒக்டோபர் 25 பதிந்திருக்கிறேன். அதற்குப் பிறகு தவணை இல்லை.

களைப்பாக இருக்கிறது மச்சான். சொல்லக்கூடாதென்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

ஷிஃபானா

●

கிண்ணியா
08.09.2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை இனி நான் வேறு ஆட்களிடம் விசாரிக்க வேண்டும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு உங்கள் துறைமுகக் கூட்டாளி ஸெய்னுதீன் நானா வந்தார், ஒரு வரைபடம் எடுக்க. என்னைக் கண்டதும், "பாஹிம் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்றார்.

"என்ன செஞ்சார்?"

"டக் படகில எஞ்சினியர் வேலை. கப்பல இழுத்து வந்து கட்டுற வேலைதானே, காலையில போனாப் பின்னேரம் வீடு. அவனுக்காகச் சொல்லி வெச்சனான். ஜூன் மாசமே மெயில் போட்டன். வேணாமெண்டு எழுதிட்டான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது. உட்துறைமுகத்தில் அந்தப் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்று, எனக்கு ஐஸ்கிரீம் உருகிப்போன கதை மறந்துவிட்டதா?

ஏன் வேண்டாமென்றீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. நீங்கள் வந்து வீட்டில் இருந்தால் உம்மாவும் மாமியும் ஊரும் ஒரே குரலில், புருஷன் வந்துவிட்டான், இனி இவளுக்கு என்ன வெளிநாடு என்பார்கள். நானும் விட்டுவிடுவேன் என்று பயந்தீர்கள்.

உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. ஸெய்னுதீன் நானா சொன்னவுடன் எனக்கு முதலில் கோபம் வரவில்லை. 'அப்பாடா, மச்சான் வந்துவிடுவார், இனிப் படிக்கத் தேவையில்லை' என்றுதான் வந்தது. அந்த நினைப்பு வந்ததே என்றுதான் பிறகு கோபம் வந்தது, முதலில் என்மேல், அதற்குப் பிறகு உங்கள்மேல். உங்கள் பயம் பொய்யில்லை. ஆனால் அது நான் விடை சொல்ல வேண்டிய கேள்வி. எனக்குப் பதிலாக நீங்கள் விடை எழுதிவிட்டீர்கள், கேள்வியைக்கூட எனக்குக் காட்டாமல்.

என் விடை இது. நீங்கள் அந்த வேலையைக் கேளுங்கள். நான் பரீட்சையை எழுதுவேன். இடம் கிடைத்தால் போவேன். நீங்கள் இங்கே இருப்பீர்கள், ரிப்கா உங்களோடு இருப்பாள். நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. ஐந்து வருடமாக நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

வேலை போயிருந்தால் போகட்டும். கேட்காமல் இருக்காதீர்கள்.

ஷிஃபானா

●

சிங்கப்பூர் நங்கூரம்
24.09.2024

அன்பு ஷிபா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உடம்பு சுகம்.

உன் கடிதத்தை வாசித்துப் பதினைந்து நாளாகிறது. நாலு தரம் எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். முதல் மூன்றிலும் உன் படிப்புக்காகத்தான் வேண்டாமென்று சொன்னேன் என்று எழுதியிருந்தேன். அது முழுவதும் உண்மையில்லை.

நீ கெட்டிக்காரி, அதனால் பாதியைக் கண்டுபிடித்துவிட்டாய். மற்றப் பாதி இது. நான் அந்த வேலைக்கு வந்து, நீயும் போய்விட்டால், உன் உம்மாவின் வீட்டில் நான் மட்டும் இருக்க வேண்டும். பொஞ்சாதி இல்லாத வீட்டில் மருமகன். காலையில் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் குசினியில் நின்று சமைத்துக்கொண்டு. ஊரார் என்னென்ன கதைப்பார்கள் என்று இந்த அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொருவர் குரலிலும் கேட்டுப் பார்த்தேன். கப்பலில் இருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடலுக்குப் போன ஆம்பிளையை ஊர் மதிக்கிறது. எனக்கிருந்த பயத்துக்கு உன் படிப்பு என்று பெயர் வைத்து, உனக்காக விட்டுக்கொடுத்த மாதிரி எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நேற்று எண்ணெய் நிரப்ப இங்கே நங்கூரம் போட்டோம். கரையில் கட்டடங்கள் தெரிகின்றன. இதற்குள் எங்கேயோதான் நீ நடந்து திரியப் போகிறாய் என்று நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ தரம் இந்த இடத்தால் போயிருக்கிறேன், கரையை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

இங்கே தொலைபேசி வேலை செய்கிறது. உன்னை எடுக்க முன்னர் ஸெய்னுதீனை எடுத்தேன். நல்லாகத் திட்டினான். பிறகு, "இன்னும் ஆள் எடுக்கல்ல. ஒன்ட சான்றிதழ் உள்ளவன் ஆர்டா இங்க இருக்கான்? டிசம்பருக்கு முன்ன வா" என்றான். கப்டனிடமும் சொல்லிவிட்டேன். நீட்டவில்லை. நவம்பரில் இறங்குகிறேன்.

ரிப்காவின் நாட்காட்டியில் கப்பலை அழிக்க வேண்டாம்.

உனக்கு ஒன்பது புள்ளி பாக்கி. நான் உதவி செய்ய ஏலாத ஒன்பது. களைப்பாக இருக்கிறதென்று எழுதியிருந்தாய். இரு. களைப்போடேயே எழுது.

பாஹிம்

●

கிண்ணியா
28.10.2024

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும், சுகம், உங்கள் சுகமும் அப்படியே ஆகட்டும்.

321.

கணிதம் 167, ஆங்கிலம் 154. திரையில் இரண்டு எண்களும் வந்ததும் எனக்குக் கூட்ட வரவில்லை. ஏழும் நாலும் பதினொன்று என்று விரலை மடித்துப் பார்த்தேன். மேற்பார்வை செய்த பெண் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்ன என்று கேட்பது மாதிரிப் பார்த்தா.

கணிதத்தில் நாலாவது கேள்வி நிகழ்தகவு. நிறப் பந்துகள், இரண்டு பைகள். வாசித்தேன், விளங்கவில்லை. ரோஷம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போனேன். கடைசியில் நேரம் மிஞ்சியது, திரும்பி வந்து பார்த்தேன். அப்போதும் விளங்கவில்லை. ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு எழும்பினேன். இன்றுவரைக்கும் அதன் விடை எனக்குத் தெரியாது.

சிவாஜினி கொழும்புக்குக் கூட வந்தாள். வெளியே ஒரு கடையில் தேநீரோடு காத்துக்கொண்டிருந்தாள். எண்ணைச் சொன்னதும், "ஒரு புள்ளி வீணாப் போச்சே, எனக்குத் தந்திருக்கலாம்" என்றாள். பிறகு இரண்டு பேரும் அந்தக் கடையிலே வைத்தே அழுதோம். கடைக்காரர் காசு வாங்கவில்லை, பரீட்சையில் பெயில் என்று நினைத்துவிட்டார்.

உம்மாவிடம் சொன்னேன். "அப்ப போகத்தான் போறாய்" என்றா. ஓம் என்றேன். அரிசியைக் களைந்து உலையில் போட்டா. "மருமகன் என்ன சாப்பிடுவார் எண்டு எனக்குத் தெரியும்" என்றா. சம்மதம் என்பதை உம்மா இப்படித்தான் சொல்லுவா.

விண்ணப்பத்தை இன்று பின்னேரம் அனுப்புகிறேன். கிடைக்குமா தெரியாது. புள்ளி இருந்தும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் இதே புள்ளியோடு விண்ணப்பிப்பேன், அது ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

கவனமாக வாருங்கள். விமான நிலையத்துக்கு மூன்று பேரும் வருவோம்.

ஷிஃபானா

●

கிண்ணியா
12.09.2025

அன்பு ஷிபா,

அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூர்த் தண்ணீரும் காற்றும் உனக்கு ஒத்துவந்துவிட்டதா? இருமல் எப்படி?

நீ போய் ஆறு கிழமையாகிறது. அடிக்கடி முகம் பார்த்துப் பேசிக்கொண்டு கடிதம் எதற்கென்று மாமி கேட்கிறா. போனைப் பிடித்தால் உன் மகள் தரமாட்டாள். அவள் கதைத்து முடித்தபிறகு எனக்கு மிஞ்சுவது 'சரி, வைக்கிறேன்' மட்டும்தான். நீ எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

நீ கேட்க முன்னரே சொல்லிவிடுகிறேன். ரிப்காவுக்குச் செவ்வாயும் புதனும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்த்தோம், டெங்கு இல்லை. நேற்றிலிருந்து பாடசாலை போகிறாள். காய்ச்சலில் உன்னைக் கேட்டு அழுதாள். நானும் சமாளிக்கத் தெரியாமல் அவளோடு இருந்து அழுதுவிட்டேன். உடனே உன்னிடம் சொல்லவா, விடவா என்று யோசித்தேன். அடுத்த நாள் உனக்கு ஆய்வுக்குழுவில் பேச இருந்தது. இரண்டு நாள் பிந்திச் சொல்கிறேன், ஒளிக்கவில்லை. இதில் பிழையிருந்தால் திட்டு.

உன் பேச்சு எப்படிப் போனது? கூட இருப்பவர்களெல்லாம் உன்னைவிட எட்டுப் பத்து வயது குறைந்தவர்கள், கணினியில் பறக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பறக்கட்டும். மண் போகிற கரையில் அவர்களில் யார் நின்றிருக்கிறார்கள்?

ஊர்க்கதை கேட்டாய். முஹம்மது தம்பியின் கடைக்குக் கொச்சிக்காய் வாங்கப் போனேன். நாலு பேர் இருந்தார்கள். "என்ன பாஹிம், பொஞ்சாதி வெளிநாட்டில, நீங்க குசினியிலயா?" என்றார் முஹம்மது தம்பி. இதைத்தான் கப்பலில் படுத்துக்கொண்டு பயந்தேன். வந்த பிறகு பார்த்தால் அவ்வளவுதான், ஒரு வசனம். "ஓம் காக்கா, இண்டைக்குப் பாரை மீன் ஆணம். வாறீங்களா?" என்றேன். மெய்யாகவே வந்துவிட்டார். இரண்டாம்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆணத்தில் புளி கூடிவிட்டது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நீ இல்லாதது கஷ்டம்தான். பின்னேரங்களில் கூடுதலாகத் தெரிகிறது. ஆனாலும் பெருநாளுக்கு வருவதற்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே. முடித்துக்கொண்டு வா. நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம்.

நாளைக் காலை சீனன்குடாப் பக்கம் ஓர் எண்ணெய்க் கப்பல் வருகிறது, வெள்ளன டக்கில் போக வேண்டும். அலை அவ்வளவு இல்லை. கட்டிவிட்டுப் பின்னேரம் வீட்டில் இருப்பேன். போன் எடு.

பாஹிம்